இல்லாத அக்காவின் கால்வலி

எனக்கு எண்பத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. எட்டுமே ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கே கோயிலில் போய் உட்கார்ந்த பிள்ளைகள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எனக்குக் கையெழுத்துப் போட வரும். அதற்குமேல் பேனா என் பேச்சைக் கேட்பதில்லை. அதனால் சபைப் பத்திரிகைக்கு நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் கொச்சையை அவளே திருத்திக்கொள்கிறாள். திருத்தக் கூடாத இடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

போன வாரம் வந்த கடிதங்களில் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "பாட்டியம்மா, பேரிக்காய் ஜாம் பக்குவம் நன்றாக வந்தது. தினசரி வாழ்க்கையில் பிசாசோடு போராட ஒரு கிறிஸ்தவப் பெண் எப்படி ஆயத்தப்பட வேண்டும்? அதையும் எழுதுங்கள்."

ஜாமுக்கு அடுத்தது பிசாசு. சரி, சொல்கிறேன். எனக்குத் தெரிந்த வகையில்தான் சொல்ல முடியும்.

பிஸ்கட் டப்பாவில் ஆறு சீட்டு

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நோன்பு நாட்களான லெந்து தொடங்கிய புதன்கிழமை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசை நின்ற காலம். கோடைக்கானலில் பேரி மரங்கள் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தன.

மிஸ்ஸியம்மாவின் முன்னறையில் கணப்பு எரிந்தது. ஈரக் கம்பளி வாசனை. கம்பளத்தின்மேல் ஆறு பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு புதன்கிழமையும் அங்கே பெண்களுக்கு வேத வகுப்பு உண்டு.

மிஸ்ஸியம்மா என்றால் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஊழியத்துக்கு வந்த வெள்ளைக்கார அம்மா. அப்போது அறுபது வயதிருக்கும். முப்பது வருடம் கீழ்நாட்டு வெயிலில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அலைந்துவிட்டு மலைக்கு வந்து தங்கிவிட்டார். தமிழை ஒரு முன்ஷியிடம் படித்தவர். "வெந்நீர் கொண்டு வா" என்பதைக்கூட வேதம் வாசிப்பது போலச் சொல்வார். நான் அவர் வீட்டுச் சமையல்காரி. என் வீட்டுக்காரர் தோட்டக்காரர். பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை அவுட்ஹவுஸில் குடியிருந்தோம்.

அன்றைக்கு மிஸ்ஸியம்மா ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிஸ்கட் தருவார் என்று நினைத்தோம். உள்ளே ஆறு சீட்டுகள்.

பிசாசை எதிர்த்து நிற்க வேதம் சொல்கிற சர்வாயுதவர்க்கம் ஆறு. சத்தியம் என்னும் கச்சை, நீதி என்னும் மார்க்கவசம், காலுக்குச் சமாதானம் என்னும் பாதரட்சை, விசுவாசம் என்னும் கேடகம், இரட்சணியம் என்னும் தலைச்சீராவாகிய தலைக்கவசம், கடைசியில் வசனம் என்னும் பட்டயம், அதாவது வாள். எங்களில் நாலு பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் மிஸ்ஸியம்மா படம் வரைந்து வைத்திருந்தார். யாருக்கு எந்தப் படம் வருகிறதோ அதை அவள் நாற்பது நாள் அணிந்து பழக வேண்டும்.

என் பக்கத்தில் ஞானம்மா. கோயில் மணி அடிப்பவருடைய மனைவி. அவள் வாய்க்குப் பட்டயம் தேவையே இல்லை. அவளுக்குத் தலைச்சீரா வந்தது.

"மிஸ்ஸியம்மா, எனக்கு மப்ளர் ஏற்கெனவே கெடக்கு. வேற ஏதாச்சும் குடுங்க."

"கொடுக்கப்பட்டதை வாங்கிக்கொள், ஞானம்மா."

எனக்கு வந்தது கச்சை. மிஸ்ஸியம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"எஸ்தர், நாற்பது நாள் நீ ஒரு பொய்யும் சொல்லக் கூடாது."

ஞானம்மா என் விலாவில் இடித்தாள். "மாட்டுனியா? பொய் சேக்காம நாப்பது நாளு நீ எப்பிடிடி குழம்பு வைப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மிஸ்ஸியம்மா சின்ன நோட்டைத் திறந்து, வாராவாரம் செய்வது போல விண்ணப்பங்களை வாசித்து ஜெபித்தார். மூன்றாவதாக வந்தது: "ஆண்டவரே, எஸ்தருடைய அக்காள் மேரியின் காலைத் தொட்டருளும்."

ஐந்து பெண்களும் மனதார ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

எனக்கு அக்காவே கிடையாது.

அக்கா பிறந்த கதை

அதற்கு ஒரு வருடம் முன்பு வில்பட்டியில் எங்கள் அம்மா வீட்டில் இருந்தோம். பூண்டுக் காட்டில் கூலி வேலை. வீட்டில் சுவரெல்லாம் ஈரம். என் வீட்டுக்காரருக்கு இழுப்பு. அவர் ராத்திரி மூச்சு விடுவதைக் கேட்டால் யாரோ மரம் அறுக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். காய்ந்த அறையும் நெருப்புச் சூடும் இல்லாவிட்டால் இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் மிஸ்ஸியம்மாவுக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்தது. போனேன். பங்களாவைக்கூட நான் பார்க்கவில்லை. பின்னால் இருந்த அவுட்ஹவுஸைத்தான் பார்த்தேன். அதற்குத் தனிக் கணப்பும் தனிப் புகைபோக்கியும் இருந்தன.

"எத்தனை பிள்ளைகள்?" என்று மிஸ்ஸியம்மா கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "இரண்டுக்கு மேல் இருந்தால் முடியாது. முன்பு இருந்தவர்களுக்கு ஆறு பிள்ளைகள். எனக்குத் தலைவலி வந்துவிட்டது."

எனக்கு நாலு.

புகைபோக்கியை இன்னொரு தடவை பார்த்தேன். "ரெண்டுங்கம்மா" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு வெரசாக எதுவும் வந்ததில்லை.

பள்ளிக்கூடம் போகிற மூத்தவர்கள் இருவரும் எங்களோடு வந்தார்கள். சின்னவர்கள் இருவரையும் வில்பட்டியில் எங்கள் அம்மாவிடம் விட்டோம். பையனுக்கு ஐந்து வயது. பெண்ணுக்கு மூன்று. அவள் பெயர் கிரேஸ். இதை எழுதுகிறவளின் அம்மா.

சனிக்கிழமைதோறும் எங்கள் அம்மா கேரட் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வருவாள். இரண்டு பிள்ளைகளும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு மலையேறி வருவார்கள். திங்கள்கிழமை காலை வரை எங்களோடு. முதல் சனிக்கிழமையே மிஸ்ஸியம்மா கொல்லைப் பக்கம் வந்துவிட்டார். தண்ணீர்த் தொட்டி ஓரம் நாலு தலைகள்.

"இவர்கள் யார்?"

"எங்கக்கா பிள்ளைங்கம்மா."

"உன் அக்காளின் பெயர் என்ன?"

"மேரிங்கம்மா." எந்த ஊரிலும் ஒரு மேரி இருப்பாள் என்ற தைரியம்.

"அவள் ஏன் வரவில்லை?"

"கால் வலிங்கம்மா. நடக்க முடியாது."

நோட்டில் மேரி ஏறியது அப்படித்தான். அடுத்த வாரம் அக்காவுக்குக் கம்பளிக் காலுறை வந்தது. எங்கள் அம்மா போட்டுக்கொண்டாள். தைலப் புட்டி வந்தது. என் வீட்டுக்காரர் நெஞ்சில் தேய்த்துக்கொண்டார். ஒரு கைத்தடி வந்தது. அதை வைத்துப் பேரி மரத்துக் குரங்குகளை விரட்டினேன். அந்த லெந்து வருவதற்குள் மேரி அக்கா பிறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. நடைதான் இன்னும் வரவில்லை.

சின்னவர்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன். பங்களா வாசலுக்குள் நுழைந்தால் நான் சித்தி, அப்பா சித்தப்பா. பிசகாமல் கூப்பிட்டால் ஒரு துண்டு கருப்பட்டி. பையன் சிரித்துச் சிரித்துக் கூப்பிடுவான். கிரேஸ் சிரிக்காமல் கூப்பிடுவாள். கெட்டிக்காரி என்று அவளுக்குத்தான் பெரிய துண்டாகக் கொடுப்பேன்.

உடுத்தும்போதே ஆயத்தம்

கடிதம் எழுதிய பெண்ணுக்குப் பதில் இங்கே வருகிறது. நடுவில் அக்கா குறுக்கே வந்துவிட்டாள்.

மிஸ்ஸியம்மா சொன்ன வழி எளிது. வெள்ளனே எழுந்து ஆயுதம் தேடி எங்கேயும் அலைய வேண்டாம், உடுத்தும்போதே உடுத்திக்கொள் என்பார். கோடைக்கானல் குளிருக்கு எப்படியும் மேலே ஆறு சாமான் ஏற்ற வேண்டியிருக்கிறது. கொசுவத்தைச் செருகி இடுப்பை இறுக்கும்போது, இன்றைக்கு உண்மை பேச வேண்டும் என்று கேள். ஸ்வெட்டர் பொத்தான் போடும்போது நெஞ்சு நேர்மையாய் இருக்கட்டும் என்று கேள். செருப்பில் காலை நுழைக்கும்போது, நீ யாரோடு பேசாமல் இருக்கிறாயோ அவள் வாசலை நினைத்துக்கொள். கால் முதலில் போக வேண்டியது அந்தப் பக்கம்தான். தலையில் மப்ளர் கட்டும்போது, நான் மீட்கப்பட்டவள் என்கிற நினைப்பு காதை மூடட்டும். ஊர்ப்பேச்சு உள்ளே வராது. குடை எடுத்தால் அது விசுவாசம். பட்டயத்துக்கு, அடுப்பு பிடிக்கிற வரைக்கும் ஒரு வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிரு.

விறகு ஈரமாக இருந்தால் எனக்கு மூன்று வசனம் தேறும்.

மாட்டிக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். கழற்றுவதற்கு அதுகூட வேண்டாம். ஏழு மணிக்குப் பால்காரர் வந்து தண்ணீரைப் பால் என்று சொல்லி ஊற்றும்போதே எனக்கு மார்க்கவசம் கழன்றுவிடும். செருப்பு பத்து மணி வரை தாங்கும், ஞானம்மா வராமல் இருந்தால். கச்சையை மட்டும் நான் அந்த லெந்தில் விடவே இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை துரைசானி

ஏரிப் பக்கம் தனியாக ஒரு வெள்ளைக்கார விதவை இருந்தார். நாங்கள் அவரை நாய்க்கார துரைசானி என்போம். நாய் செத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தது. ஆனால் அதைப் பற்றிப் பேச வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கல் போன்ற ஒரு கேக்கோடு வந்து, ஐந்து மணி வரை பேசுவார்.

கேட் சத்தம் கேட்டதும் மிஸ்ஸியம்மா உள்ளறைக்கு ஓடுவார். "எஸ்தர், நான் வீட்டில் இல்லை என்று சொல்." ஒரு வருடமாக இது என் சமையல் வேலையில் ஒரு பங்கு. உப்பு போடுவது போல.

லெந்தின் முதல் வியாழக்கிழமை. கேட் சத்தம். மிஸ்ஸியம்மா ஓடினார். நான் கதவைத் திறந்தேன்.

"மிஸ்ஸி இருக்கா?"

"இருக்காங்கம்மா. இல்லன்னு சொல்லச் சொன்னாங்க. லெந்து முடியிற வரைக்கும் நான் பொய் சொல்லக் கூடாது."

துரைசானி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு ஆறு மணி வரை நாய் குரைத்தது.

துரைசானி போனபிறகு மிஸ்ஸியம்மா சமையலறைக்கு வந்தார். மூக்கு சிவந்திருந்தது.

"எஸ்தர், நீ என்னைக் காட்டிக்கொடுத்தாய்."

"நீங்கதானம்மா சீட்டு குடுத்தீங்க."

அதற்குப் பதில் முன்ஷி சொல்லிக் கொடுக்கவில்லை போல. திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த வியாழக்கிழமை தூறல். கேட் சத்தம் கேட்டதும் மிஸ்ஸியம்மா குடையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் இறங்கி, பேரி மரத்தடியில் போய் நின்றுகொண்டு அங்கிருந்தே எனக்குக் கையைக் காட்டினார். இப்போது தைரியமாகச் சொல்லலாம் என்று அர்த்தம்.

"மிஸ்ஸி இருக்கா?"

"வீட்டுல இல்லம்மா. பேரி மரத்தடியில நிக்கிறாங்க."

சொல்ல வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனால் உண்மை சொல்வதில் எனக்கு ருசி வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கத் தெருவில் நான் நடந்த நடை வேறு. ஞானம்மாவிடம் அவள் புதுச் சேலை சாயம் போகும் என்று சொன்னேன். கடைக்காரரிடம் அவர் தராசைப் பற்றிச் சொன்னேன். இத்தனைக்கும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். குனிந்தபடியே கேட்டார்.

"மேரிக்கு இப்ப கால் எப்பிடி இருக்கு?"

"அது லெந்துக்கு முந்திச் சொன்னதுங்க."

"அப்பிடியா."

"பழைய பொய்யெல்லாம் இதுல சேராது."

அவர் சருகைக் குவித்து மூடிவிட்டு அடுத்த மரத்தடிக்குப் போனார்.

கிரேஸ் செய்த விண்ணப்பம்

லெந்தில் பாதி கழிந்திருக்கும். எங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கிரேஸை அந்த வாரம் எங்களிடமே வைத்திருந்தோம். புதன்கிழமை வகுப்புக்கு அவளையும் கூட்டிப்போனேன். என் மடியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு நாலு வயது.

மிஸ்ஸியம்மா நோட்டைத் திறந்தார். பிறகு என்ன தோன்றியதோ, மூடிவிட்டார். "இன்று குழந்தை ஜெபிக்கட்டும். கிரேஸ், உனக்கு என்ன வேண்டும் என்று கேள்."

கிரேஸ் கண்ணை இறுக மூடினாள். கையைக் கூப்பினாள்.

"ஏசப்பா, எங்கம்மா காலு சொகமாகணும். எங்கம்மா நடந்து வந்து என்னையத் தூக்கிட்டுப் போகணும். சித்திக்கும் சித்தப்பாவுக்கும் சோறு குடுங்க. ஆமென்."

என் மடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஞானம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே மெச்சுதல். என்ன மாதிரி நடிக்கிறாள் பார், இன்றைக்குப் பெரிய துண்டு கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வகுப்பு முடிந்து அவுட்ஹவுஸுக்கு வந்தோம். கதவைச் சாத்திவிட்டுக் கருப்பட்டியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"எங்கம்மா எப்ப வருவாங்க, சித்தி?"

சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"நான்தான்டி ஒன் அம்மா."

அவள் சிரித்தாள். அந்த விளையாட்டில் அவள் சிரித்தது அப்போதுதான். "நீங்க சித்தி" என்றாள். பிறகு கருப்பட்டியில் பாதியைக் கடித்து எடுத்து என் வாயில் வைத்தாள்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுதுடி என்றேன்.

இடுப்பில் கச்சையை இறுக்கிக்கொண்டு, பிசாசு முன்வாசல் வழியாக வருவான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு வருடமாக என் வீட்டில் இருந்திருக்கிறான். அவனுக்குக் கருப்பட்டி கொடுத்ததும் நான்தான்.

அக்காவை என்ன செய்வது

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

"மேரிய நித்திரை பண்ண வச்சிருவோம்."

"எப்பிடி?"

"கால்ல புரையோடிப் போச்சுன்னு சொல்லு. கர்த்தர் எடுத்துக்கிட்டாருன்னு சொல்லு."

"சொன்னா? மிஸ்ஸியம்மா மலர்வளையம் தூக்கிக்கிட்டு வில்பட்டிக்கு நடந்து வருவாங்க. ஞானம்மா ஒப்பாரி வைக்கிறதுக்குத் தண்ணி குடிச்சிட்டு வருவா. கல்லறை எங்கன்னு கேட்டா?"

"பூண்டியில பொதச்சாச்சுன்னு சொல்லு. அவ்வளவு தூரம் வர மாட்டாங்க."

"தாயில்லாப் பிள்ளைங்கன்னு சின்னது ரெண்டையும் கீழ்நாட்டு விடுதிக்கு அனுப்பி வச்சிருவாங்க. அப்ப என்ன செய்வீங்க?"

அவர் சுரண்டுவதை நிறுத்தினார்.

சொல்லக் கூச்சமில்லை, அவர் சொன்னதை நான் இரண்டு நாள் யோசித்தேன். சாவுச் செய்தியை எந்த முகத்தோடு சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்தேன். ஏனென்றால் உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும். சீசன் வரப்போகிறது. அந்த நேரத்தில் கோடைக்கானலில் ஒரு மாட்டுக் கொட்டகைகூடக் கிடைக்காது. திரும்ப வில்பட்டி ஈரச் சுவருக்குப் போக வேண்டும். ஒரு வருடமாய்த்தான் அவர் படுத்துத் தூங்குகிறார்.

மூன்றாவது நாள் கிரேஸ் தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள். என்னடி இது என்றேன். "எங்கம்மா இப்பிடித்தான் நடப்பாங்க" என்றாள்.

"என்னங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "சொல்லப் போறேன்."

அவர் குழந்தையையும் என்னையும் பார்த்தார். "சொல்லு. மண்வெட்டி நம்மளது, அத நான் எடுத்து வச்சிக்கிறேன். மத்ததெல்லாம் அவங்களது."

முட்டி தேய்ந்தவர்கள்

புதன்கிழமை வந்தது. அன்றைக்கு உடுத்த ரொம்ப நேரம் பிடித்தது. கொசுவம் கையில் நிற்கவில்லை. பொத்தான் துளைக்குள் போகவில்லை. பட்டயத்துக்கு ஒரு வசனமும் வாயில் வரவில்லை. "ஏசப்பா, கூட வாங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மிஸ்ஸியம்மா நோட்டைத் திறந்தார். "எஸ்தர், உன் அக்காளுக்கு எப்படி இருக்கிறது?"

"எனக்கு அக்காவே கெடையாதுங்கம்மா."

மிஸ்ஸியம்மா பேனாவை நோட்டின்மேல் வைத்தார்.

"அந்தப் பிள்ளைங்க ரெண்டும் என் பிள்ளைங்க. எனக்கு நாலு. வீடு கெடைக்காதுன்னு ரெண்டுன்னு சொல்லிட்டேன். பேரு, கால்வலி எல்லாம் நானாச் சொன்னது."

முதலில் வாயைத் திறந்தவள் ஞானம்மாதான்.

"அடிப் பாவி! ஒரு வருஷமா இல்லாத காலுக்கா முட்டி போட்டோம்? என் முட்டி தேஞ்சு போச்சுடி!"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மிஸ்ஸியம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலுறைகள்?"

"எங்கம்மா போட்டிருக்காங்க."

"தைலம்?"

"பிள்ளைங்களோட அப்பா நெஞ்சுக்குத் தேச்சாச்சு."

"கைத்தடி?"

"குரங்கு வெரட்டுறேங்கம்மா."

மிஸ்ஸியம்மா நோட்டை மூடினார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வகுப்பு ஜெபமில்லாமல் கலைந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு மூன்று நாள் "வெந்நீர்" என்ற சொல்லைத் தவிர வேறு சொல் பங்களாவில் கேட்கவில்லை. வியாழக்கிழமை கேட் சத்தம் கேட்டது. மிஸ்ஸியம்மா ஓடவில்லை. தானே போய்க் கதவைத் திறந்து, நாற்காலியைக் காட்டி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் தேநீர் கொண்டுபோனபோது என்னைப் பார்க்கவே இல்லை. நான் பாத்திரங்களை மூட்டையாகக் கட்ட ஆரம்பித்தேன்.

எண்ணிக்கை

சனிக்கிழமை காலை. எங்கள் அம்மா காய்ச்சல் தெளிந்து, சின்னப் பையனோடும் கேரட் கூடையோடும் வந்து சேர்ந்தாள். காலில் அந்தக் காலுறை. நாலு பிள்ளைகளும் தொட்டி ஓரம் நின்றார்கள். அப்போது மிஸ்ஸியம்மா பங்களாப் படியிறங்கி எங்கள் பக்கம் வருவதைப் பார்த்தேன்.

வந்தவர் யாரோடும் பேசவில்லை. பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு." என் பக்கம் திரும்பினார். "எஸ்தர், இன்னும் எங்கேயாவது இருக்கிறதா?"

அவர் குத்தலாகத்தான் கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் ஒரு பாவமும் இல்லை என்று ஞானம்மா பின்னால் வாதாடினாள். ஆனால் நான் கச்சை கட்டியிருந்தேன்.

"ஒண்ணு இருக்குங்கம்மா."

"எங்கே?"

"இன்னும் வெளிய வரல. ரெண்டு மாசம் ஆகுது."

வீட்டுக்காரர் கையிலிருந்த மண்வெட்டி கல்லில் விழுந்தது. அவருக்கே அது புதுச் செய்தி. எங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மிஸ்ஸியம்மா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியாத ஒன்று.

பிறகு சொன்னார்: "எனக்குத் தலைவலி வரும் என்று சட்டம் போட்டேன். நீ உன் பிள்ளையை மறைத்தாய். நானோ என்னையே மறைக்கச் சொன்னேன். அந்தச் சீட்டை நான்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும்."

"நாங்க எப்பம்மா காலி பண்ணணும்?"

"எதற்கு? தலைவலி வியாழக்கிழமையால் வருகிறது. பிள்ளைகளால் அல்ல. இப்போதுதான் கண்டுபிடித்தேன்." கட்டி வைத்திருந்த மூட்டையைக் கண்ணால் காட்டினார். "அதை அவிழ்த்துவிட்டு வெந்நீர் போடு."

கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினார். "அந்தக் கைத்தடி நல்ல தேக்கு. குரங்குக்கு வேறு கழி வெட்டிக்கொள்."

உண்மையைச் சொன்னதற்காக அவர் என்னை மெச்சவில்லை. அதன்பிறகு ரொம்ப நாள் நான் என்ன சொன்னாலும் இரண்டாவது தடவை கேட்பார். பால் வந்ததா என்று கேட்டு, வந்தது என்றால், போய்ப் பார்த்துவிட்டு வருவார். அது எனக்கு வேண்டியதுதான்.

மழைக்காலம் வரை

வீடு மிஞ்சியது. கிரேஸ் அவ்வளவு எளிதில் திரும்பக் கிடைக்கவில்லை.

நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் தூங்கினார்கள். கருப்பட்டியைப் பூட்டி வைத்துவிட்டேன். ஆனால் அவள் வாயில் சித்திதான் வந்தது. திருத்தினால் விழிப்பாள். ஈஸ்டர் போனது, சீசன் போனது, பிளம்ஸ் பழுத்து உதிர்ந்தது. நடுவில் கொஞ்ச நாள் சித்தியம்மா என்றாள். அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வயிற்றில் ஐந்தாவது உதைத்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் சத்தம்.

"அம்மா, பசிக்குது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மாற்றிவிடுவாளோ என்று பயம். பீன்ஸை நறுக்கிக்கொண்டே, "இந்தா வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

கடிதம் எழுதிய பெண்ணே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆறு ஆயுதத்தையும் காலையில் மாட்டிக்கொள். ஆனால் வாசலைப் பார்த்து நிற்குமுன் உன் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வா. அங்கே யாருக்கு நீ தின்னக் கொடுத்து வைத்திருக்கிறாய் என்று பார். நான் பார்க்காமல் விட்டதில் ஒரு பிள்ளையின் ஒரு வருடம் போய்விட்டது.

மூத்த மூன்று பிள்ளைகளிடமும் இதைக் கிரேஸிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன். நாலு வயதில் நடந்தது அவளுக்கு நினைவில்லை. அறுபது வருடமாக நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அல்ல, என் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்; ஒவ்வொரு தடவையும் வேறு ஏதாவது சோலி வந்துவிடும்.

போதும், பேனாவை மூடு. எழுதினதை முதலிலிருந்து வாசி பார்ப்போம். இப்படி முணுமுணுக்காதே, உரக்க வாசி. உன் அம்மா அடுப்படியில் இருக்கிறாள், அவளுக்குக் கேட்கட்டும்.